தப்பு ஒத்திகை

வாயால் ஊதி அணைத்தார் என்று சொல்கிறார்கள். சுத்தப் பொய்.

ஊதவில்லை. கையை வீசவும் இல்லை. குத்துவிளக்குக்குச் சாற்றியிருந்த மாலையிலிருந்து ஒரு செவ்வந்தியைப் பறித்து, அதன் காம்பால் ஒவ்வொரு திரியையும் எண்ணெய்க்குள் இழுத்துவிட்டுக் குளிர வைத்தார். எங்கள் ஸ்ரீவராகம் தெருவில் எந்த வீட்டு மாமியும் அதைவிட முறையாகச் செய்துவிட முடியாது. நான் மேடையின் பக்கத்தில், திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றிருந்தேன். ஆனால் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அன்றைக்கு அந்தப் பக்கம் தலைகாட்டாதவர்கள்கூட, "நிலவிளக்கை வாயால ஊதின டீச்சர்தானே?" என்றுதான் கேட்பார்கள். வருஷம் ஓடிவிட்டது, அந்தப் பொய் மட்டும் குத்துக்கல் மாதிரி அப்படியே இருக்கிறது. எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அவர் எங்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். நான் தையல் டீச்சர். அவருக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். திருவனந்தபுரத்துக்கு வந்து பாதி ஆயுள் கழிந்த பிறகும் பேச்சில் நாஞ்சில் நாடு அப்படியே இருந்தது, மேலாகக் கொஞ்சம் மலையாளம் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. நல்ல உயரம், நல்ல குரல். அந்தக் குரலைத் தாழ்த்திப் பேச யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இனிமையான மனுஷி என்று நான் சொல்ல வரவில்லை. சாப்பாட்டு வேளையில் என் டப்பாவைக் கேட்காமலே திறப்பார். "உப்பு காணாது" என்று சொல்லிக்கொண்டே பாதியைச் சாப்பிடுவார். யாரையும் பாராட்ட மாட்டார். ரொம்ப அதிசயமாக ஒன்று பிடித்துப் போனால் நன்றாயிருக்கிறது என்பதற்கு "கொள்ளாம்" என்று ஒரு வார்த்தை, அதுவும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. தன் பெருமை பேசுவதில் மட்டும் கஞ்சத்தனம் கிடையாது. "நான் இல்லேன்னா இந்த ஸ்கூலு என்னைக்கோ எரிஞ்சு போயிருக்கும்" என்று ஸ்டாஃப் ரூமில் எல்லார் காதிலும் விழச் சொல்வார். அப்போது நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம்.

பள்ளி நாடகங்களில் மாயமந்திர வேலையெல்லாம் அவர் பொறுப்பு. யட்சி மறைவது, காடு எரிவது, தேவதை பறப்பது, புகை, மின்னல், எல்லாம். பொறுப்பை யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை. ஒரு வருஷம், யட்சி வானத்திலிருந்து இறங்குகிற காட்சிக்காகப் பெஞ்சு மேல் பெஞ்சு அடுக்கி ஒரு பெண்ணை இருட்டில் குதிக்க விட்டார்கள். அந்தக் குழந்தை கையை ஒடித்துக்கொண்டது. மறுநாள் இவர் ஹெச்.எம். அறைக்குப் போய், "இனி மேடையில மாயாஜாலம் எதுன்னாலும் எனக்க கையைக் கடந்துதான் போணும்" என்று சொல்லிவிட்டு வந்தார். கேட்டுவிட்டு வரவில்லை. சொல்லிவிட்டு வந்தார்.

பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'வேண்டாம் டீச்சர்'. வாயைத் திறந்தால் முதல் வார்த்தை அதுதான். பொறி பறக்கிற குச்சி, வேண்டாம். மேலிருந்து கயிறு, வேண்டாம். புகைக்கு உலர்பனிக்கட்டி கொண்டுவருகிறேன் என்று ஒரு அப்பா ஆசையாகச் சொன்னார். "அந்தப் புகை தரையோட தரையா கிடக்கும் சாரே. செத்தவனா நடிக்க பிள்ளை தரையிலதான் கிடக்கான். அவன் எதை மூச்சு விடுவான்?" என்று கேட்டார். அந்த அப்பா அதற்கப்புறம் வரவேயில்லை. பதிலுக்கு இவர், வீட்டு வரவேற்பறையில் வைக்கிற சின்ன நீரூற்றில் ஆவி மாதிரி ஒன்று எழும்புமே, அந்தக் கருவிகளை நாலு வீட்டிலிருந்து இரவல் வாங்கி ஒரு தொட்டித் தண்ணீரில் போட்டார். மேடை முழுக்கப் பனி தவழ்ந்தது. வெறும் தண்ணீர்.

நெருப்புக்கு ஒரு பெரிய மரப்பெட்டி. உள்ளே காற்றாடியை மல்லாக்கக் கிடத்தி, மேலே கோழிக்கூட்டுக் கம்பிவலை. அதன் மேல் நான் தைத்துக் கொடுத்த ஆரஞ்சும் மஞ்சளுமான மெல்லிய துணிநாடாக்கள். கீழே சூடேறாத சிவப்பு விளக்கு. சுவிட்சைப் போட்டால் துணி எல்லாம் எழுந்து நாக்கு நீட்டி ஆடும். முதல் தடவை பார்த்தபோது முன்வரிசையில் ஒரு அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தே விட்டாள். அன்றைக்கு இவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

நாடகம் நடக்கும்போது மேடையின் பக்கத்தில் மூடி போட்ட ஒரு மணல் வாளியின் மேல் உட்கார்ந்திருப்பார். காலடியில் நனைத்த சாக்கு. நடுநடுவே எழுந்து போய் பிளக்கையும் வயரையும் குனிந்து மோந்து பார்ப்பார். கணக்கு டீச்சர் சுவரை மோந்து பார்க்கிற காட்சியைப் பார்க்கவே சில பிள்ளைகள் நாடகத்தில் சேர்ந்தார்கள் என்று நினைக்கிறேன்.

அவர் சொல்லிக்கொண்டே இருக்கிற ஒன்று உண்டு. "பிள்ளையளு மறக்கும். மறக்கது அதுகளுக்க சோலி. நமக்க சோலி மறக்காம இருக்கது, கேட்டியா?"

இதை வெறும் பேச்சாக விடவில்லை. ஒவ்வொரு நாடகத்துக்கும் கடைசி ஒத்திகைக்கு முந்தின ஒத்திகையை அவர் எடுத்துக்கொள்வார். அதற்குப் பெயர் தப்பு ஒத்திகை. பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, "இன்னைக்கு ஒருத்தரும் சரியாச் செய்யக்கூடாது. வசனத்தை மறக்கணும். இடம் மாறி ஓடணும். தட்டி விழணும். தோணினதைப் பிடிச்சு இழுக்கணும்" என்பார். பிள்ளைகளுக்கு அதைவிடக் கொண்டாட்டம் உண்டா? யட்சி தப்பான பக்கம் ஓடுவாள். ராஜா நெருப்புப் பெட்டி மேல் போய் உட்காருவான். ஒருத்தி பனித்தொட்டியில் காலை விடுவாள். இவர் வாளி மேல் உட்கார்ந்து கண்ணிமைக்காமல் பார்ப்பார். எங்கே ஒரு பிள்ளைக்குச் சின்னச் சிராய்ப்பு படுமோ, அந்தப் பொருள் மறுநாள் மேடையில் இருக்காது, இல்லாவிட்டால் வேறு உருவத்தில் இருக்கும். பிள்ளையைத் திட்ட மாட்டார். எங்களைத்தான் வாங்கு வாங்கென்று வாங்குவார்.

நாடகம் முடிந்து பிள்ளைகள் வேஷத்தோடு ஓடிவரும்போது வாளியை விட்டு எழுந்து, "என்ன நடந்துது?" என்று கேட்பார். "ஒண்ணும் நடக்கல்லை!" என்று பிள்ளைகள் ஒரே குரலில் கத்த வேண்டும். "கொள்ளாம்" என்பார். டீ குடிக்கப் போய்விடுவார்.

நான் எழுத வந்த சம்பவம் நடந்த வருஷத்தில் என் பெண் மைதிலி ஏழாம் வகுப்பு. காடு எரிந்து இருண்டுபோகிறது, மின்மினிகள் வந்து வெளிச்சத்தைத் திரும்பக் கொண்டுவருகின்றன. அதுதான் நாடகத்தின் கதை. மைதிலி தலைமை மின்மினி. மற்ற மின்மினிகள் அவள் பின்னால் வரிசையாக ஓட வேண்டும். கையில் பிடிக்கிற பிளாஸ்டிக் பந்துக்குள் குட்டி விளக்கு வைப்பதாகப் பேச்சு. நான் பொத்தான் பேட்டரி வாங்கி வந்தேன்.

"வேண்டாம். பிள்ளையளு வாயில போடும்."

"டீச்சர், ஏழாங்கிளாஸ் குழந்தைகள் பேட்டரியைப் போய் வாயில போட்டுக்குமா?"

"ஏன், வளந்தவியளே போடல்லியா?" என்று என் முகத்தைப் பார்த்தார். அப்போது என் உதடுகளுக்கு நடுவே குண்டூசி இருந்தது.

இன்னொரு நாள், "மைதிலியைப் பத்தி நீங்க கவலைப்பட வேண்டாம். அவ ரொம்ப சமத்து, சொன்னது சொன்னபடி செய்வா" என்றேன். "சமத்துள்ள பிள்ளைதான் கூட்டத்தைக் கண்டதும் முதல்ல மறக்கும்" என்றார். பெற்றவளிடம் பேசுகிற பேச்சா இது? இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை, என் டப்பாவை வழக்கம்போலத் திறந்தார்.

மின்மினிகளுக்கு இறக்கை நான்தான் தைத்தேன். அவர் கேட்டபடி பருத்தி மல் துணி, கஞ்சி போட்டு, பிரம்பு வளைத்து. கொஞ்சம் தொங்கத்தான் தொங்கின, அதை மறைக்கவில்லை. பெற்றோர் சங்கத்துத் தலைவர் வந்து பார்த்தார். டைல்ஸ் கடைக்காரர், வார்ஷிகச் செலவில் பெரும்பகுதி அவருடையது. ஆண்டுவிழாவை இங்கே எல்லாரும் வார்ஷிகம் என்றுதான் சொல்வோம். "எந்தா டீச்சரே, இது கொசுவலையோ?" என்று கேட்டார். மறுநாள் சாலைக் கடைத்தெருவிலிருந்து ஒரு மூட்டை வந்து இறங்கியது. நைலான் வலையில், ஓரமெல்லாம் ஜிகினா வைத்த பளபள இறக்கைகள். பிள்ளைகள் குதித்தார்கள். மைதிலியும் குதித்தாள். என் இறக்கைகள் அலமாரிக்குப் போயின.

கணக்கு டீச்சர் அந்த இறக்கையின் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டினார். மைதானத்துக்குக் கொண்டுபோய், இடுக்கியில் பிடித்து, மெழுகுவர்த்தியில் காட்டினார். அது பற்றியதும் சுருங்கி உருகிச் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. விழுந்த பிறகும் ஒவ்வொரு சொட்டும் எரிந்துகொண்டிருந்தது. ஹெச்.எம்.மைக் கூட்டிவந்து காட்டினார்.

"இது பிள்ளைக்க முதுகில விழுந்தா தோலோடதான் பிஞ்சு வரும்."

ஹெச்.எம். நிதானமானவர். மலையாளத்தில் சொன்னார், நான் தமிழில் தருகிறேன்: "மேடையில் நிஜ நெருப்பே இல்லையே டீச்சர். எல்லாம் துணி நெருப்பு. நீங்களே செய்ததுதானே?"

"நிலவிளக்கு?"

எனக்கு அந்த நிமிஷம் வரைக்கும் அது தோன்றவே இல்லை. இந்த ஊரில் விளக்கேற்றாமல் எந்த விழாவும் தொடங்காது. இடுப்புயரப் பித்தளை விளக்கு, அஞ்சு திரி, சிறப்பு விருந்தினர் ஒன்றை ஏற்றி மெழுகுவர்த்தியை அடுத்தவருக்குக் கொடுப்பார். ஏற்றியதும் அதை மேடையின் முன்மூலைக்கு நகர்த்திவிட்டு எல்லாரும் மறந்துவிடுவார்கள். அதன் பக்கத்திலேயே பாட்டு, நடனம், நாடகம் எல்லாம் நடக்கும். பிறந்ததிலிருந்து பார்க்கிறோம். அதை நெருப்பு என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை. சாமி சமாசாரம் சுடாது என்று எங்களுக்கு ஒரு நினைப்பு.

அந்த வருஷத் தப்பு ஒத்திகையில் அவர் விளக்கு நிற்கிற மூலையில் ஒரு கம்பை நட்டார். சுடர் இருக்கிற உயரத்தில் துணி சுற்றி, அதில் குங்குமத்தைக் குழைத்துப் பூசினார். "ஓடுங்க மக்களே, மறந்து மறந்து ஓடுங்க" என்றார். முடிந்ததும் மின்மினிகளை ஹெச்.எம்.முக்கு முதுகு காட்டி நிற்க வைத்தார். பல இறக்கைகளில் சிவப்புக் கோடு. மைதிலியின் இறக்கையில் பெரிசாக, தோளுக்கு ரொம்பப் பக்கத்தில்.

ஹெச்.எம். பார்த்தார். "வேண்டுமென்றே தப்புப் பண்ணச் சொன்னால் இப்படித்தான் ஆகும். விழா அன்றைக்கு ஜாக்கிரதையாக இருப்பார்கள்" என்றார்.

"இருக்க மாட்டாவ."

இறக்கையை மாற்றலாம் என்றார் இவர். தலைவர் மனம் புண்படும் என்றார் ஹெச்.எம். விளக்கை ஏற்றினதும் கீழே தரையில் இறக்கி வைக்கலாம் என்றார். மரியாதையாக இருக்காது. "சரி, விளக்கு முன்னால ஒரு ஆளை நிறுத்துங்க. ஆளு நின்னா பிள்ளை தன்னால வளைஞ்சு போகும்" என்றார். போட்டோவில் மறைக்கும். இப்படியே ஒவ்வொன்றையும் தட்டிக் கழித்து, கடைசியில் ஒரு வாக்குக் கொடுத்தார்கள். சிறப்பு விருந்தினர் கிளம்பிப் போனதும், நாடகத்துக்கு முன்னால், விளக்கை உள்ளே எடுத்துவிடலாம். இவரும் நம்பினார். நானும் நம்பினேன்.

சிறப்பு விருந்தினர் நீளமாகப் பேசினார். ஒழுக்கத்தைப் பற்றித்தான். பேசி முடித்ததும் அடுத்த விழாவுக்கு நேரமாகிவிட்டதென்று காரில் ஏறிப் போய்விட்டார். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் 'சிறப்பு விருந்தினருக்கு அவமானம்' என்று கூச்சல் போட்டார்களே, அந்தச் சமயம் அவருடைய நாற்காலி காலியாகக் கிடந்தது.

நாடகத்தை அறிவித்தாயிற்று. மின்மினிகள் என் பின்னால் கிசுகிசுத்துக்கொண்டு நிற்கின்றன. விளக்கு மூலையில் ஜெகஜ்ஜோதியாக எரிகிறது. இவர் வாளியிலிருந்து எழுந்து ஹெச்.எம்.மிடம், "எடுக்கலாமா?" என்றார். ஹெச்.எம். தலைவரைப் பார்த்தார். தலைவர் கையை ஆட்டினார்.

"விளக்கு அவிடே இரிக்கட்டே. ஐஸ்வர்யமாயிட்டு கத்துந்நுண்டல்லோ. முழு நாடகமும் விளக்கோடே வீடியோவில் வரணும்." ஐஸ்வர்யமாக எரிகிறதே, இருக்கட்டும் என்கிறார்.

ஹெச்.எம். தரையைப் பார்த்தார். அந்தத் தலை குனிந்ததை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

இவர் ஒரு வார்த்தை பேசவில்லை, அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகினார். நனைத்த சாக்கைக் கையில் எடுத்தார். மூடியிருந்த திரைக்கு முன்னால், அத்தனை ஜனங்கள் பார்க்க, நிதானமாக நடந்து போனார். விளக்கின் முன்னால் நின்று ஒரு கணம் கும்பிட்டார். ஆமாம், கும்பிட்டார். அதை மட்டும் யாரும் பார்க்கவில்லையாம். பூவைப் பறித்தார். திரிகள் ஒவ்வொன்றாக எண்ணெய்க்குள் போயின. பிறகு விளக்கை இரண்டு கையாலும் தூக்கினார். சூடான எண்ணெய் அவர் புடவையிலும் கையிலும் வழிந்தது. உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். தரையில் சிந்தியிருந்த எண்ணெயை மண்டி போட்டுச் சாக்கால் துடைத்தார், பிள்ளைகள் வழுக்கி விழாமல் இருக்க. அப்போதுதான் சபை வாயைத் திறந்தது. ஐயோ என்கிறார்கள், அபசகுனம் என்கிறார்கள், யாரோ விசிலடிக்கிறான். இவர் வந்து வாளி மேல் உட்கார்ந்து, "தொடங்குங்க" என்றார்.

நாடகம் அழகாக நடந்தது. துணி நெருப்பு எழுந்தபோது, திட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட வாயைப் பிளந்தார்கள். காடு அணைந்து மேடை இருண்டது. மின்மினிகள் மேடைக்குப் போயின. மைதிலி மரத்தை இடப்பக்கமாகச் சுற்ற வேண்டும். இடப்பக்கமாக, இடப்பக்கமாக என்று வீட்டில் ஆயிரம் தடவை சொல்லியிருப்போம். என் சமத்துப் பெண் கூட்டத்தைப் பார்த்தாள். ஒரு நொடி நின்றாள். வலப்பக்கம் திரும்பி ஓடினாள். அத்தனை மின்மினியும் அவள் பின்னால் ஓடியது. விளக்கு நின்றிருந்த அதே மூலை வழியாக, இறக்கை இறக்கையோடு உரச, சிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக.

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேனே என்கிற பார்வை இல்லை. அவருக்கும் முகம் வெளுத்திருந்தது.

பிள்ளைகள் ஓடிவந்தார்கள்.

"என்ன நடந்துது?"

"ஒண்ணும் நடக்கல்லை!"

அவர் கொள்ளாம் என்று சொல்லவில்லை. மைதிலியின் தலையில் கையை வைத்து, வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். அந்தக் கையில் எண்ணெய் பட்ட இடம் சிவந்து வீங்கியிருந்தது.

அடுத்த வாரம் ஹெச்.எம். அறையில் விசாரணை. மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். நான் கூப்பிடாமலே போனேன். மைதிலி அந்த மூலை வழியாக ஓடியதைச் சொன்னேன். வீடியோவிலேயே இருக்கிறது, பாருங்கள் என்றேன். தலைவர் பார்க்கவில்லை.

"ஓடினால் எந்தா? ஒந்நும் நடந்நில்லல்லோ! பின்னே எந்தினா விளக்கு கெடுத்தியது?"

அட கடவுளே. விளக்கு அங்கே இல்லாததால்தான் ஒன்றும் நடக்கவில்லை என்று அந்த அறையில் இருந்த ஒருத்தர் மூளைக்கும் எட்டவில்லை. ஒன்றும் நடக்கவில்லை, ஆகவே அணைத்தது தப்பு. ஒரு குழந்தை வெந்து போயிருந்தால் சரி என்று ஒத்துக்கொண்டிருப்பார்களா? சந்தேகம்தான். அப்போது குழந்தையின் கவனக்குறைவு என்றிருப்பார்கள். கணக்குச் சொல்லிக்கொடுக்கிற ஒருத்தியை உட்கார வைத்து, அவள் காதில் இப்படி ஒரு கணக்கைப் போட்டார்கள்.

அதோடும் விடவில்லை. குடும்பமும் குட்டிகளும் இருந்தால்தானே விளக்கின் அருமை தெரியும் என்றார் தலைவர். யாரும் அவரைத் தடுக்கவில்லை. ஹெச்.எம். மறுபடியும் தரையைப் பார்த்தார்.

இவர் எழுந்து நின்றார். "விளக்குக்க அருமை எனக்குத் தெரியும் சாரே. அதுகொண்டுதான் பூவெடுத்து அணைச்சேன். மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன். இனியும் பிள்ளையளு ஓடுத இடத்துல இருந்தா, இனியும் அணைப்பேன்."

மேடையை அவரிடமிருந்து பறித்தார்கள். அடுத்த வருஷம் விழாக்கள் நடத்துகிற கம்பெனி ஒன்று வந்தது. தங்கப் பொறி கக்குகிற இயந்திரம் வந்தது. விளக்கு மூலையிலேயே எரிந்தது. ஒன்றும் நடக்கவில்லை, அதை நான் மறைக்க மாட்டேன். அதையும் அவர் முகத்துக்கு நேரே சொல்லிக் காட்டினார்கள்.

அவர் ஓய்வு பெற்ற நாளில் பிரிவுபசார விழா. யாருக்கு விழாவோ அவரும் ஒரு திரி ஏற்றுவது எங்கள் பள்ளி வழக்கம். மெழுகுவர்த்தி ஹெச்.எம். கையிலிருந்து, மாலை போட்டு நின்ற இவரைத் தாண்டி, தலைவர் கைக்குப் போனது. இவர் நீட்டின கையை மெல்ல மடக்கிக்கொண்டதை நான் பார்த்தேன். அப்புறம் என்னிடம் வந்து, "கண்டியா, எனக்க கையில மெழுகுதிரி தர பயந்துட்டாவ" என்று உரக்கச் சிரித்தார். உன் டப்பாவில் என்ன இருக்கிறது என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போதும் வரவில்லை.

நாகர்கோவிலில் தம்பி வீட்டுக்குப் போனார். சில வருஷங்களில் அங்கேயே காலமானார். செய்தி வந்த அன்று ஸ்டாஃப் ரூமில் புது டீச்சர் ஒருத்தி, அவரைக் கண்ணால்கூடப் பார்த்திராதவள், "ஆரு, ஆ விளக்கூதிய டீச்சரா?" என்று கேட்டாள். அவள் என்ன செய்வாள், காதில் விழுந்ததைச் சொல்கிறாள். நான் கத்தரிக்கோலை மேஜை மேல் போட்ட சத்தத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஊதவில்லை, ஊதவில்லை, ஊதவில்லை என்று நான் கத்தினேனாம். எனக்கு ஞாபகமில்லை.

இந்த வருஷ வார்ஷிகத்தில் இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் பட்டாம்பூச்சி. மறுபடியும் நைலான் இறக்கை. ஹெச்.எம். மாறிவிட்டார், தலைவரும் மாறிவிட்டார், விளக்கு மட்டும் அதே மூலை. முன்கூட்டியே போய்ச் சொன்னேன். பார்க்கலாம் டீச்சர் என்றார்கள். பார்க்கவில்லை. நாடகத்தை அறிவித்ததும் எனக்குள் ஏதோ அறுந்தது. பூவெடுத்து அணைத்திருப்பேன், அதற்குப் பயமில்லை. ஆனால் நானும் ஊதினதாக ஒரு கதை கட்டி, அவரைப் பற்றிய பொய்க்குத் துணையாக்கிவிடுவார்கள். அதனால் உள்ளே கிடந்த மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன். விளக்குக்கு முன்னால், புடவை எட்டாத தூரத்தில் அதை வைத்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பிள்ளைகள் வருகிற பக்கம் பார்த்து அதன் மேல் உட்கார்ந்தேன்.

கீழே இருந்து கத்தினார்கள். "டீச்சரே, மாறிக்கே! காணான் வய்யா!" மறைக்கிறேனாம். போட்டோக்காரர் கையை ஆட்டி ஆட்டி ஓய்ந்தார். புதுத் தலைவர் மேடை ஓரத்துக்கே வந்து பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்திருக்கச் சொன்னார். நான் அசையவில்லை.

பட்டாம்பூச்சிகள் ஓடிவந்தன. என்னைக் கண்டதும் வளைந்து வளைந்து போயின, அவர் சொன்ன மாதிரியே. கடைசியில் வந்த ஒரு பொடிசு எல்லாவற்றையும் மறந்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே நேராக ஓடிவந்து என் வயிற்றில் முட்டியது. நிமிர்ந்து, இது யார் என்பது போல் என்னைப் பார்த்தது. தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டேன். ஓடிப் போயிற்று. என் முதுகில் சூடு தெரிந்துகொண்டே இருந்தது.

முடிந்ததும் தலைவர் வந்தார். எல்லாப் படமும் பாழ், ஒன்றிலாவது விளக்கு தெரிகிறதா, டீச்சர்தான் குந்தியிருக்கிறார், எதற்கு இந்த வேலை என்று கேட்டார். பட்டாம்பூச்சிகள் என்னைச் சுற்றிக் கூடியிருந்தன. வாளியிலிருந்து எழுந்தேன்.

"என்ன நடந்துது?"

அவற்றுக்குப் பதில் தெரியவில்லை. யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்தன. அந்தப் பொடிசுதான், தன்னைத்தான் கேட்கிறேன் என்று பயந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னது.

"ஒந்நும் நடந்நில்லா டீச்சரே."

"கொள்ளாம்" என்றேன்.